பச்சைக்கரை டிராயர்

என் மகள் இப்போது முட்டிக்கு மேல் நிற்கும் டிராயரும், முதுகில் தன் பெயர் அச்சடித்த பனியனுமாக விளையாடப் போகிறாள். அவளுடைய ஷூவுக்கு நாடா கட்டிவிடுபவர் என் அப்பா. இதே மனிதர்தான் ஒரு காலத்தில், "பொம்பளப் புள்ள டிராயர் மாட்டிக்கினு ஊரு முன்னாடி ஓடுமா?" என்று கேட்டவர்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஏழாவது படித்தேன். எங்கள் பள்ளியில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாலே போதும். விழுப்புரம் போட்டிக்கு வெள்ளை டிராயர் கட்டாயம் என்று பி.டி. டீச்சர் சொல்லிவிட்டார். அம்மா யோசித்தாள். அப்பாவின் பழைய பச்சைக்கரை வேட்டியை வெட்டி, அகலமான கால்களோடு ஒன்று தைத்தாள். அசையாமல் நின்றால் பாவாடை, ஓடினால்தான் டிராயர். நைந்த இடங்களை ஒதுக்கியதில் துணி பற்றாமல், ஒரு காலில் கரை தங்கிவிட்டது. வேட்டியைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதாக அப்பாவிடம் சொல்லிவைத்தாள்.

"அப்பா கண்ணுல பட்டா ஆடாம நில்லு. தெரிஞ்சிது, அப்பறம் ஓட்டமே கெடையாது" என்று என்னையும் எச்சரித்தாள்.

விழுப்புரத்தில் நான்தான் முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். பக்கத்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே வந்த அப்பா, மைதானத்து வேலியோரம் நிற்பதைப் பார்த்தேன். எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா சொன்னபடியே முட்டிகளை ஒட்டிவைத்து, பந்தயத்தின் நடுவில் நட்ட கம்பம் மாதிரி நின்றேன். மற்றவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள்.

அப்பா கிட்டே வந்தார். "ஏம்மா நின்னுட்ட? முள்ளு கிள்ளு குத்திச்சா?"

தலையாட்டினேன். குனிந்து என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பச்சைக்கரை அவர் மூக்குக்கு நேராக இருந்தது. திண்டிவனம் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் மறுபடியும் அந்தக் கரையைத்தான் பார்த்தார். இத்தோடு எல்லாம் முடிந்தது என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் அப்பா ஒரு புது வேட்டியோடு வந்தார். கரையே இல்லாத முழு வெள்ளை. மடிப்பைக்கூடப் பிரிக்காமல் தையல் மிஷின் மேல் போட்டார்.

"இதுல ஓட்டை இருக்குது. எனக்கு வேணாம், வேற எதுக்குனா வச்சிக்கோ" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அம்மா சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தாள். நானோ வேட்டியை வெளிச்சத்தில் பிடித்து, மூலைமூலையாக அந்த ஓட்டையைத் தேடினேன். எங்கேயும் இல்லை. பாவம், அப்பாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது என்று நினைத்து எனக்கு மறுபடியும் அழுகை வந்துவிட்டது.