செகண்ட்ஸ் என்று நான் கழித்த கார்டுகள்

கவரைக் கிழித்ததும் ஒரு வாசனை வரும். புது பெயின்ட்டும் பபிள்கம்மும் கலந்த மாதிரி... முதலில் ஷமீமா முகர்ந்து பார்ப்பாள், அப்புறம் நான்.

அப்போது ஏழாம் வகுப்பு. ஷமீமா மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து விருத்தாசலத்தில் என்னோடு படித்தாள். அவளுடைய அப்பா துபாயில் இருந்தார்; அவளுக்கு அவர் 'அத்தா'. ஊருக்கு வருகிறவர்களிடம் அவர் கொடுத்தனுப்பும் சோப்பு, சென்ட்டுக்கு நடுவே இந்த கார்டு பாக்கெட்டும் இருக்கும். கார்டுக்கு ஒரு விசித்திர மிருகம். பாக்கெட்டுக்குப் பத்து கார்டு. ஆளுக்கு ஐந்து.

பிரிப்பது என் வேலை. அதைக் கொடுத்ததும் ஷமீமாதான்.

"உங்கப்பா செராமிக்ல தரம் பிரிக்கிறவரு. நீயே பிரிடி."

உண்மைதான். சூளையிலிருந்து வரும் கப்புகளை அப்பா தரம் பிரிப்பார். ஒன்று போல ஒன்று இருந்தால் ஃபர்ஸ்ட். ஒன்று மட்டும் அதிகமாக மின்னினாலோ, லேசாக வளைந்திருந்தாலோ செகண்ட்ஸ். அந்த செகண்ட்ஸ்தான் எங்கள் வீட்டுக்கு வரும். காது நேராக இருக்கும் கப் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. யாராவது வந்து டீ குடித்தால் எனக்கு மானமே போகும். கார்டிலாவது ஃபர்ஸ்ட் எனக்கு வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

பத்தில் ஒன்பது கார்டு ஒரே மாதிரி இருக்கும். ஒன்று மட்டும் வெள்ளிப் பூச்சு பூசியது போல மின்னும். இரண்டு நாள் வெயில் பட்டால் வளைந்தும் போகும். எனக்குச் சந்தேகமே வரவில்லை... செகண்ட்ஸ். அதை நைசாக ஷமீமாவின் ஐந்தில் தள்ளிவிடுவேன்.

ஒருநாள் அவளே கேட்டாள், உனக்கு ஒன்றுகூட இந்த மாதிரி வேண்டாமா என்று. "பரவால்லடி, நீயே வெச்சுக்க" என்றேன். என்னமோ பெரிய தர்மப்பிரபு மாதிரி.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் அதே மாதிரி ஒரு பாக்கெட்டைப் பிரித்தாள். படத்தைப் பார்க்கவேயில்லை. நேராகக் கார்டின் மூலையைத்தான் பார்த்தாள். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"வட்டம் இருந்தா காமன்மா. டைமண்ட் இருந்தா கொஞ்சம் கம்மியா வரும். ஸ்டார் இருந்தா ரேர். ஸ்டாரும் இருந்து பளபளன்னும் இருந்துச்சுன்னா கெடைக்கிறதே கஷ்டம்."

தூக்கிவாரிப் போட்டது. திரும்பவும் சொல்லச் சொன்னேன். சொன்னாள். இரண்டாவது தடவையும் பகீரென்றது. செகண்ட்ஸ் என்று நான் கழித்ததெல்லாம் பாக்கெட்டிலேயே ஒசத்தி கார்டு. ஃபர்ஸ்ட் என்று நான் கட்டிக்கொண்டு அழுததெல்லாம் வெறும் வட்டம்...

ஷமீமாவை ஏமாற்றிவிட்டோமே என்று இத்தனை வருடமாக உள்ளுக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. கடைசியில் பார்த்தால் ஏமாந்தது நான். சிரிப்பு தாங்கவில்லை. சொல்லிச் சிரிக்கலாம் என்று உடனே அவளுக்கு போன் போட்டேன். அந்தப் பளபள கார்டெல்லாம் ரேராமே என்று ஆரம்பித்ததுமே குறுக்கே வந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டி. வாங்குற கடையிலயே அத்தாகிட்ட சொல்லிட்டாங்க. அம்புட்டு ஒசத்தியும் எனக்கே குடுத்தியே, எந்தப் புள்ள அப்பிடிக் குடுக்கும்? எம் மவன் கேட்டான், அவனுக்குக்கூட நான் தரல. டப்பாவோட அப்படியே இருக்குது."

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

என் கார்டுகள் வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போய்விட்டன. நாங்கள் அப்போது மூலையைப் பார்த்ததே இல்லை. மிருகத்துக்கு எத்தனை பல் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். இப்போதைய பிள்ளைகள் எது ரேர் என்று மூலையிலேயே பார்த்துவிடுகிறார்கள். எனக்கு அது தெரிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ஷமீமா, நம் பள்ளியின் இந்த வாட்ஸ்அப் குரூப்பில் நீயும் இருக்கிறாய். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஒசத்தி என்று தெரிந்து நான் உனக்கு ஒரு கார்டுகூடக் கொடுக்கவில்லை. எனக்கு ஆகாது என்று கழித்ததைத்தான் கொடுத்தேன். அந்த டப்பாவை இனி உன் மகனுக்குக் கொடுத்துவிடு.