பி. ஏ. வேலாயுதமும் மூணாம் நம்பர் தண்ணீரும்

டி.டி.பி. வேலையில் நாம் பிழை செய்தால் திட்டு நமக்கு. கம்ப்யூட்டர் பிழை செய்தாலும் திட்டு நமக்குத்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ரெண்டாயிரம் பிறந்த சமயம். மலையாளக்கரையில், கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ரத்தினம் அண்ணாச்சியின் கடை. முதலாளி நாகர்கோவில்காரர். அங்கே தமிழ் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் டைப்ரைட்டரில் ஹையர் பாஸ் செய்தவள். டைப்ரைட்டரில் 1 அடித்தால் 1 விழும், அதோடு சரி. கம்ப்யூட்டரிலோ 1 போட்டு ஒரு வரி அடித்து எண்டர் தட்டினால், அடுத்த வரியில் 2 தானாக வந்து உட்கார்ந்திருக்கும். யார் கேட்டார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணாச்சிக்கோ ஒரே பெருமை. "கம்ப்யூட்டருக்குத் தப்பே வராதும்மா" என்பார். தப்பே வராத அந்தக் கம்ப்யூட்டர்தான் ஒரு கூட்டத்தின் குடிதண்ணீரில் கை வைத்தது. அதற்கு முன்பே இரண்டு முறை எனக்கு எச்சரிக்கை வந்தது.

மூத்தவருக்கு மட்டும் பட்டமில்லை

சாலை பஜாரில் பாத்திரக்கடை திறக்கப் போகும் மூன்று சகோதரர்கள் ஆங்கிலத்தில் ஓர் அழைப்பு அடிக்க வந்தார்கள். அப்பா பெயர் அருணாசலம். அதனால் மூவருக்கும் இனிஷியல் ஏ. கீழே வரிசையாகப் பெயர்கள்: ஏ. சுப்பிரமணியம், ஏ. வேலாயுதம், ஏ. முருகன். டைப் படித்தவள் தாளைத்தான் பார்ப்பாள், திரையைப் பார்க்க மாட்டாள். நானும் பார்க்கவில்லை. முதல் வரியில் இருந்த 'ஏ'யை வரிசை எழுத்து என்று கம்ப்யூட்டர் நினைத்துவிட்டது. அடுத்த வரியில் ஒரு 'பி', அதற்கடுத்த வரியில் ஒரு 'சி' என்று தன் பங்குக்குப் போட்டுவிட்டது. அதன் பக்கத்தில் நான் அடித்த 'ஏ'யும் சேர்ந்துகொண்டது.

அழைப்பு ஊரெல்லாம் போன பிறகு மூத்தவர் மாடிப்படி ஏறி வந்தார். தாளில் ஏ. சுப்பிரமணியம், பி. ஏ. வேலாயுதம், சி. ஏ. முருகன் என்று இருந்தது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தாளை மேஜையில் வைத்துத் தடவினார். "எட்டாங்கிளாஸ்ல நின்னவன் பி.ஏ., பத்துல தோத்தவன் சி.ஏ., பத்தும் ஜெயிச்ச எனக்கு மட்டும் ஒண்ணுமில்லையா?"

இரண்டாவது எழுத்து

ஸ்ரீவராகம் அக்ரஹாரத்திலிருந்து மாதர் சங்கத்து நிர்வாகிகள் பட்டியல் வந்தது. பெயர்களுக்கு முன்னால் அ, ஆ, இ போட வேண்டும் என்றார் சங்கத்தின் செயலாளர் காமாட்சி மாமி. கம்ப்யூட்டரிடம் அ, ஆ, இ கிடையாது. ஆங்கிலத்து a, b, c தான் உண்டு. மாமி பெரிய மனது பண்ணி அதற்குச் சம்மதித்தார். நானும் ஒழுங்காக அடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பிரிண்ட் எடுக்கும் முன் எதையாவது தொட்டு அழகு பார்ப்பது அண்ணாச்சியின் வழக்கம். பட்டியல் முழுவதையும் ஒரே சொடுக்கில் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றிவிட்டார். நம் பழைய தமிழ் எழுத்துரு உங்களுக்கு நினைவிருக்கும். அதில் ஆங்கில a இருக்கும் இடத்தில் ய வரும், b இருக்கும் இடத்தில் டி வரும். தலைவிக்கு முன்னால் ய. இரண்டாவதாக இருந்த காமாட்சி மாமிக்கு முன்னால், கொட்டை எழுத்தில், டி. காப்பிகள் அக்ரஹாரம் முழுக்க வீடு வீடாகப் போய்விட்டன. மறுநாள் மாமி வந்து நின்றபோது நான் அண்ணாச்சியைப் பார்த்தேன், அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார். "எங்காத்து மாமியார்கூட என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை, கேட்டேளா? உங்க கம்ப்யூட்டர் யாரு கூப்பிடறதுக்கு?"

மூணுன்னு சொன்னேன்

இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கத்துக் கொத்தனார். விழிஞ்ஞம் போகும் வழியில் ஒரு பெரிய கட்டடத்தில் வேலை. ஆட்கள் அங்கேயே தகரக் கொட்டகையில் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. பெண்கள் குடத்தோடு அடுத்தவர் வீட்டுக் கேட்டில் நின்று கெஞ்ச வேண்டும். காண்டிராக்டருக்கும் அதே ஊர், தமிழ்தான் வாசிப்பார். அவருக்கு ஒரு மனு அடிக்க வேண்டும். இசக்கிமுத்துவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒன்று கூரை ஒழுகுகிறது, இரண்டு விளக்கு இல்லை, மூன்று தண்ணீர் என்று அடித்து, நான் வாசித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொரு விரலாக மடக்கி மனதில் பதித்துக்கொண்டார். சாயங்காலம் வந்து தாளை வாங்கிக்கொள்கிறேன் என்று போனார்.

கூரையைப் பற்றிய வரி கொஞ்சம் நீளம். நான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அண்ணாச்சி அழகு பார்த்து, அதன் நடுவில் ஒரு எண்டர் தட்டினார். உடைந்த பாதிக்கு 2 என்று நம்பர் விழுந்தது. விளக்கு 3 ஆனது, தண்ணீர் 4 ஆனது. கம்ப்யூட்டர் போட்டது சரியாகத்தான் இருக்கும் என்று பிரிண்டும் எடுத்துக் கொடுத்துவிட்டார். காண்டிராக்டர் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப ஒண்ணுதான் முடியும், நம்பரைச் சொல்லு" என்றிருக்கிறார். இசக்கிமுத்து யோசிக்கவே இல்லை, மூணு என்றார். நாலாம் நாள் தாளைத் திரும்பக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "வெளக்கு வந்துட்டு தாயி. தண்ணிதான் வரல. அந்த வெளிச்சத்துல வெறுங்குடம் நல்லாப் பளிச்சுன்னு தெரியுது."

ஒரே ஒரு ஒன்று

அன்றைக்குத்தான் முதலாளி என்றும் பாராமல் கத்தினேன். பாத்திரக்கடைக்காரர் சிரித்துவிட்டுப் போவார், மாமி திட்டிவிட்டுப் போவார், இந்த மனுஷர் எங்கே போவார் என்று கேட்டேன். "நான் எண்டர் மட்டுந்தானம்மா தட்டினேன், நம்பர் போட்டது அதுல்லா?" என்றார் அண்ணாச்சி. அதுதானே என் வயிற்றெரிச்சல்! மெனு மெனுவாகத் தோண்டி, தானாக நம்பர் போடும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த டிக்கை எடுத்தேன். பிறகு புது மனு அடித்தேன். அதில் ஒரே ஒரு கோரிக்கைதான்: 1. குடிதண்ணீர். அந்த ஒன்றை என் விரலால் அடித்தேன். ஒற்றை வரிக்கு எதற்கு நம்பர் என்று அண்ணாச்சி முனகினார். இந்த முறை எதைச் சொன்னாலும் இசக்கிமுத்துவுக்குத் தண்ணீர்தான் கிடைக்க வேண்டும் என்றேன். பிரிண்ட் எடுக்கும் வரை நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் ஊரெங்கும் ஒரே மழை. இசக்கிமுத்து தலையில் பிளாஸ்டிக் உறையோடு படியேறி வந்தார். குழாய் போட்டுவிட்டார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சட்டையைப் பிழிந்துகொண்டே சிரித்தார். "தண்ணி வந்துட்டு தாயி, கீழயும் வருது, மேலயும் வருது. கூரைக்கு இப்ப என்ன நம்பர்?"

கூரைக்கும் ஒன்று என்றே கையால் அடித்துக் கொடுத்தேன்; இன்றைக்கும் எண்டர் தட்டியதும், கூப்பிடாத இரண்டு எங்கேயாவது வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு தரம் முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.