பச்சைப் பொட்டு ஒட்டிய கோப்புகள்

தெற்கு இலண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் நான் வழக்கமாகப் போகும் கடையில், திகதி முடியப்போகிற சாமான்களுக்கு வட்டமான பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவைப்பார்கள். அரை விலை என்று அர்த்தம். போன சனிக்கிழமை பலாக்காய் அடைத்த ஒரு தகர ரின்னில் இருந்த அந்தப் பச்சைப் பொட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். விரலில் பசை ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். கடைக்குள் நின்று விரலை முகரும் வயதுக்கு வந்துவிட்டேன், சிரிக்காதீர்கள். அந்த மணம் என்னை நேரே ஒரு மூன்றாம் மாடி அறைக்குக் கொண்டுபோய்விட்டது. ரின்னை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இலண்டனின் நடுவில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். அதன் அனுமதிப் பிரிவில் ஏழு வருடம் வேலை செய்தேன். வேலை கிடைத்த புதிதில் எனக்கிருந்த பெருமையை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை ரயிலில் கோட்டுக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன். லூயிஷாம் கோயிலுக்கும் ஒருமுறை அதோடேயே போனேன். மறந்துபோனேன் என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன். மறக்கவில்லை.

அந்த அட்டையைக் கண்டுதான் இராசநாயகம் அண்ணை என்னோடு கதைக்கத் தொடங்கினார். ஜேர்மனியில் இருபது வருடம் இருந்தவர். அங்கே தொழிற்சாலையில் நிரந்தர வேலை, நல்ல வீடு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு கிழக்கு இலண்டனில் குட்மேய்ஸுக்கு வந்து, ஒரு மொத்த வியாபாரக் கடையில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். காரணம் மகள் மயூரி. அவள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், பெரிய இடமொன்றில் படிக்க வேண்டும்.

"தங்கச்சி, பிள்ளை உங்கட இடத்துக்குத்தான் அப்ளிக்கேஷன் போட்டிருக்கிறாள். நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். அது வந்து சேர்ந்திட்டுதோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

அவர் சிபாரிசு கேட்கவில்லை. அப்படி ஒன்று நடக்கும் இடம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

கோப்பு வந்து சேர்ந்திருந்தது. எல்லாப் பாடத்திலும் மேலான புள்ளிகள். பதினொரு வயதில் ஜேர்மன் மொழியை வாயிலிருந்து கழற்றிவைத்துவிட்டு ஆங்கிலத்தைப் போட்டுக்கொண்டதைப் பற்றி எழுதியிருந்தாள். நேர்முகத்தில் அவளைச் சந்தித்த விரிவுரையாளர், ஓரத்தில் பென்சிலால் 'கட்டாயம் எடுக்க வேண்டும்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

இனி அந்தப் பச்சைப் பொட்டு. ஒவ்வொரு வருடமும் தெரிவு தொடங்குமுன், ஐந்தாம் மாடியிலிருந்த நிதி திரட்டும் பிரிவு ஒரு பெயர்ப் பட்டியல் அனுப்பும். 'பல்கலைக்கழகத்தின் நண்பர்கள்' என்று தலைப்பு. நன்கொடை தந்தவர்களின் பிள்ளைகள், தரக்கூடும் என்று எதிர்பார்க்கப்பட்டவர்களின் பிள்ளைகள், எங்கள் பேராசிரியர்களின் பிள்ளைகள். அவர்களுடைய கோப்புகளில் பச்சைப் பொட்டு ஒட்டுவது என் வேலை. முதல் வருடம் எதற்கு என்று கேட்டேன். என் மேலதிகாரி பிலிப்பா புன்னகைத்தாள்.

"கொஞ்சம் கூடுதல் கவனத்தோட வாசிக்கிறதுக்கு. அவ்வளவுதான்."

நம்பினேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கோப்புகளை யாரும் வாசிப்பதேயில்லை. சிலவற்றில் இருந்த புள்ளிகளோடு எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளை வந்திருந்தால், ஒரு கிழமைக்கு விருந்தாளிகள் கண்ணில் காட்டியிருக்கமாட்டார்கள்.

அந்த வருடம் பட்டியல் வழக்கத்தைவிட நீளம். பல்கலைக்கழகத்தில் பணத் தட்டுப்பாடு என்றார்கள். நூலகத்தின் கூரை ஒழுகியது. புத்தக அடுக்குகளுக்கு நடுவே வாளிகள் நின்றன. எதிரே கண்ணாடியால் ஒரு மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. மயூரியின் கோப்பு மதியம்வரை 'ஆம்' அடுக்கில் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பச்சைப் பொட்டுகள் வந்தன, அது கீழே போனது. மறுப்புக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். 'இம்முறை விண்ணப்பதாரர்களின் தரம் மிக உயர்வாக இருந்தது.'

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அப்பாவும் மகளும் என்னிடம் வந்தார்கள்.

"எங்க பிழைச்சது தங்கச்சி?"

சொல்லியிருக்கலாம். இரகசியம் காப்பேன் என்று கையெழுத்து வைத்திருந்தேன். வீட்டு வாடகை இருந்தது. அந்த அட்டையும் இருந்தது.

"போட்டி கூட அண்ணை. பிள்ளை இன்னும் கொஞ்சம்..."

மிச்சத்தை அவரே முடித்துக்கொண்டார். மகள் பக்கம் திரும்பினார்.

"கேட்டியோ? போனை வைச்சிட்டுப் படி, போனை வைச்சிட்டுப் படி எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

மயூரி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த அர்ச்சனைத் தட்டைப் பார்த்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் புல்வெளியில் கூடாரங்கள் முளைத்தன. கண்ணாடி மண்டபத்துக்குப் பணம் தந்தவருடைய கம்பனி ஆயுதங்களுக்குப் பாகங்கள் செய்கிறதாம். அவருடைய பெயர் சுவரில் இருக்கக்கூடாது என்று மாணவர்கள் படுத்துக்கிடந்தார்கள். அவர்களுக்கு எதிராக இன்னொரு கூட்டம் எழுந்தது: கல்விக்கூடத்துக்குள் அரசியல் வேண்டாம், தந்தவரை அவமதிக்காதீர்கள் என்று. ஆசிரியர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். பத்து வருடம் ஒரே மேசையில் தேநீர் குடித்தவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேறு வேறு மூலைக்குப் போனார்கள்.

எனக்குக் கூடாரங்களைப் பிடித்திருந்தது. ஒருநாள் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு பெட்டி மரக்கறி ரோல்ஸ் கொண்டுபோனேன். நனைந்த துணியின் நாற்றத்துக்குள் ஒலிபெருக்கியோடு நின்ற தலைவன் நன்றி சொல்லி ஒன்றை எடுத்துக் கடித்தான். அப்போதுதான் முகம் பிடிபட்டது. கோப்பிலிருந்த படம். பச்சைப் பொட்டு. அன்று பின்னேரமே பழைய பட்டியல்களைத் தேடிப் பார்த்தேன். எதிர்க் கூட்டத்தின் தலைவியும் பச்சைப் பொட்டுத்தான். இருவரும் ஒரே மேசை இலாச்சியிலிருந்து வந்தவர்கள்.

அந்த வருடப் பட்டியலில் ஒரு பிரதி எடுத்தேன். களவாகத்தான். கூடாரப் பக்கம் நின்ற ஆசிரியர்களுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியரிடம் கொண்டுபோனேன். நியாயமான மனிதர் என்று நினைத்திருந்தேன். கதவைச் சாத்திவிட்டு விரலை வைத்து வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அது அவருடைய குடும்பப் பெயர்.

"முக்கியமான விசயம்தான். ஆனா இப்ப வெளியில விட்டா எங்கட போராட்டம் திசைமாறிப் போயிடும்."

அருவருப்போடு எதிர்ப் பக்கத்துக்குப் போனேன். நிதிப் பொறுப்பாளர், கூட்டங்களில் 'தகுதி, தகுதி' என்று மேசையைத் தட்டுபவர். அவர் பட்டியலைத் திறக்கவுமில்லை.

"இந்த நேரத்தில இது வெளியில போனா எல்லாம் கெட்டுப்போயிடும். வேற யாரிட்டக் காட்டினீங்கள்?"

மாதக்கணக்காக ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத இரண்டு பேர், எனக்குச் சொன்னது ஏறக்குறைய ஒரே பதில். அடுத்த கிழமை பிலிப்பா கூப்பிட்டாள். பிரிவை மறுசீரமைக்கிறார்களாம், புதிய அமைப்பில் என் பதவி இல்லையாம். அட்டையை மேசையில் வைத்தேன். பட்டியலைப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்கவில்லை. பயம்.

கூடாரங்கள் டிசம்பரில், நத்தாருக்கு முன்னமே போய்விட்டன. மண்டபச் சுவரில் பெயர் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. சிக்கனம் என்று சொல்லி, மாலை வகுப்பை மூடினார்கள். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் பின்னேரம் வந்து படித்து, அந்த வழியாக உள்ளே நுழையக்கூடிய ஒரே கதவு அது. அந்த வகுப்பு இப்போது இல்லை. அதில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கூடாரம் போட்டுக் கேட்கவில்லை.

மயூரி வேறிடத்தில் படித்தாள். இப்போது ஒரு மருத்துவமனையில் ஸ்கான் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். போன வருடம் கோயில் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றவளைக் கண்டேன். இராசநாயகம் அண்ணை செத்து அப்போது ஆறு மாதம். துக்கம் விசாரித்தேன். பிறகு, அதே வாயால், எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பச்சைப் பொட்டு, 'ஆம்' அடுக்கு, பென்சிலால் போட்ட இரண்டு கோடு. அவள் ஒரு சப்பாத்தோடு நின்று கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்பாட்ட இதைச் சொன்னீங்களா, அன்ரி?"

"இல்லைப் பிள்ளை."

"ஜேர்மனியில இருந்து ரெண்டு வருசம் முந்தி வந்திருந்தா உனக்கு அந்த இடம் கிடைச்சிருக்கும், பிழை என்னிலதான் எண்டு அப்பா சொல்லுவார். ஹொஸ்பிட்டல்லயும் சொன்னவர்."

மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டாள். "ஓகே அன்ரி, பாய்" என்றாள். அவள் போன பிறகும் நான் அந்த வாசலிலேயே நின்றேன். நான் சொல்லியிருக்க வேண்டிய மனிதர் இல்லாமல் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.