புளிப்பு மெசினும் கந்தப்பன் கல்யாணமும்

கந்தப்பனைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலேதான் எழுதுகிறேன். எங்கள் அக்கரப்பத்தனைப் பக்கத்து ஆட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் தலைவர்மாரையே பிடித்துக்கொள்கிறார்கள். கந்தப்பன் தலைவர் இல்லை, தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், கூட்டிப் பெருக்கியவன். மீசை மட்டும் தலைவருக்கு ஏற்ற மீசை.

அவன் கை பட்டால் எந்தச் சாமானும் உருப்படாது. கூடையை எடுத்தால் பிடி பிய்யும், விளக்கைத் துடைத்தால் சிம்னி உடையும். அப்படிப்பட்டவனைத்தான் ஐம்பத்தொன்பதாம் வருஷம் தோட்டத்துப் பெரிய துரை, கண்ணாடிச் சாமான் நிறைந்த அறைக்கு வேலைக்கு அனுப்பினார். துரைமார் புத்தியை என்னவென்று சொல்ல!

ஸ்டோரில் தேயிலையைக் காய வைக்கும் அடுப்புக்கு அடுத்த அறையைக் காலி பண்ணி, மண் பரிசோதிக்க ஒரு லேப் வைத்தார்கள். அதை நடத்தக் கொழும்பில் படித்த டக்ளஸ் என்ற இளைஞர் வந்தார். நானுஓயா ஸ்டேஷனில் இறங்கிய பெட்டிகளை லொறியில் ஏற்றி வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். பெட்டிகளுக்குள் வளைந்ததும் நெளிந்ததுமாகக் கண்ணாடிக் குழாய்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு, பக்கத்தில் தும்மினாலே ஆடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பி.எச். மீட்டர். பார்க்க ரேடியோப் பெட்டி போல இருக்கும். முகப்பில் ஒரு முள், பக்கத்தில் வயரில் தொங்கும் ஒரு கண்ணாடிக் குமிழ். மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குமிழை அதில் முக்கினால், மண் எவ்வளவு புளிப்பு என்று முள் காட்டும். தேயிலைக்குப் புளித்த மண்தான் பிடிக்குமாம். நாங்கள் அதற்குப் புளிப்பு மெசின் என்று பேர் வைத்தோம்.

ஸ்டோருக்கு எந்த மெசின் வந்தாலும் ரோதை முனிக்குப் பூசை போட்ட பிறகுதான் ஓட்டுவோம். சுற்றுகிற சக்கரத்தில் எல்லாம் குடியிருக்கிற சாமி அவர். அவர் முன்னால் சூடத்தை அணைத்துப் பொய்ச் சத்தியம் பண்ண ஒருத்தனுக்கும் துணிச்சல் வராது. புளிப்பு மெசினில் சக்கரம் இல்லை என்றாலும் கந்தப்பன் விடவில்லை. டக்ளஸ் ஐயா சாப்பிடப் போன நேரம் பார்த்து அதற்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தான்.

"சக்கரம் இல்லாட்டி என்ன, முள்ளு இருக்குல்ல? சின்ன முனி வந்து ஒக்காந்துக்குவாரு" என்றான்.

ஐயா திரும்பி வந்து பொட்டைப் பார்த்தார். திட்டவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குமிழை முக்கிப் பார்த்து, "நல்ல புளிப்பு" என்றார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்: "கம்பளி போட்டுக்கிட்டு மட்டும் யாரும் இந்த மெசின் கிட்ட வரக்கூடாது."

அதற்குக் காரணம் இருந்தது. அடுப்புச் சூட்டில் அந்த அறை எப்போதும் காய்ந்து கிடக்கும். காய்ந்த இடத்தில் கம்பளி உரசினால் அதில் கொஞ்சம் மின்சாரம் ஏறிக்கொள்ளும். இருட்டில் கம்பளியை உதறினால் பொறி பறக்கிறதே, அதேதான். அது கிட்டே வந்தால் முள் துள்ளும். இந்த விஷயம் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கந்தப்பன் அன்றைக்குக் காரணம் கேட்கவில்லை. கம்பளியில் அட்டை ஒட்டியிருக்கும், ஐயாவுக்கு அட்டை என்றால் பயம் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். தன் கம்பளியை வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் காக்கிச் சட்டையோடுதான் உள்ளே போவான். முள்ளும் அவனிடம் சாதுவாகவே நடந்துகொண்டது.

மாசி மாதம் வந்தது. பனி கொட்டியது. டக்ளஸ் ஐயா உடப்புசல்லாவைப் பக்கத் தோட்டங்களில் மண் எடுக்கப் போய்விட்டார். மெசின் பழுதாகாமல் இருக்கத் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடும்படி கந்தப்பனிடம் சொல்லியிருந்தார். அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில், காவல்காரர் ஆண்டியப்பன் தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு குளிர்காய உள்ளே நுழைந்தார்.

"ராத்திரி பூரா கண்ணே மூடலப்பா" என்றார்.

முள் துள்ளியது.

கந்தப்பன் முள்ளைப் பார்த்தான், ஆண்டியப்பனைப் பார்த்தான். "பொய் சொல்றீங்கண்ணே. சின்ன முனிக்குக் கோவம் வந்துருச்சு."

ஆண்டியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தூங்கியதை மட்டுமல்ல, எந்த மூலையில் எந்தச் சாக்கின் மேல் தூங்கினார் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொண்டார்.

அன்று சாயந்திரத்துக்குள் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த எல்லா லயத்துக்கும் செய்தி போய்விட்டது. கோழியைப் பறிகொடுத்தவர்கள், வேலிச் சண்டைக்காரர்கள், புருசன்மேல் சந்தேகப்பட்டவர்கள் எல்லாரும் ரோதை முனியை அம்போவென்று விட்டுவிட்டுப் புளிப்பு மெசினுக்கு வந்தார்கள். குளிர் காலம், எல்லார் மேலும் கம்பளி. ஆகவே எல்லாரும் பொய்யர்கள். கோழி திருடியவனும் பொய்யன், பறிகொடுத்தவளும் பொய்க்காரி, சாட்சிக்கு வந்தவனும் பொய்யன். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கந்தப்பனுக்கோ மீசை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

அவனுக்குப் பூரணி மேல் உயிர். கொழுந்து எடுக்கிற பெண், பழனியாண்டிக் கங்காணியின் மகள். அவளை நினைத்துக்கொண்டு பெருக்கினால் ஒரே இடத்தை அரை நாள் பெருக்குவான். கங்காணிக்கு ஒரே நிபந்தனைதான், மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. கந்தப்பன் கசிப்புச் சாராய வாடைக்கே வாந்தி எடுக்கிற ஆள். அதனால் கங்காணி, "மெசினுக்கு முன்னால வந்து சொல்லு. முள்ளு ஆடலைன்னா பரிசம் போட்டுக்கலாம்" என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மெசின் அவனுடையது, சொல்லப் போவதோ உண்மை. பயப்பட என்ன இருக்கிறது?

மாப்பிள்ளைக் களை வேண்டும் என்று என் கம்பளிக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டான்.

அறைக்குள் கங்காணியும் நானும் நின்றோம். பூரணி கொழுந்து மலையிலிருந்து நேராக வந்து, கம்பளியோடு வாசலில் நின்றாள். கந்தப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மெசினிடம் போனான்.

"சத்தியமா நான் குடிக்கிறதே இல்லீங்க, மாமா."

முள் ஒரே பாய்ச்சலாகக் கடைசிக்குப் போய் முட்டியது.

"இல்லீங்க! ஒரு சொட்டுகூட இல்லீங்க!" என்று கையை வீசினான். முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடியது. "சாமி, நான்தானே ஒனக்குப் பொட்டு வச்சேன்!" என்று மெசினைப் பார்த்துக் கும்பிட்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த எனக்கு அப்போது அழுகை வந்துவிட்டது. அவன் உடைக்காமல் வைத்திருந்த ஒரே சாமான் அது. அதுவே அவன் கல்யாணத்தை உடைத்துவிட்டது.

"பாத்தாச்சு. வா புள்ள, போவோம்" என்றார் கங்காணி.

பூரணி போகவில்லை. கம்பளியை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்து, மெசினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இந்த ஆளு எனக்கு வேண்டவே வேண்டாம்" என்றாள்.

முள் எகிறிக் குதித்தது.

"பாத்தீங்களாப்பா? நான் பொய் சொல்றேனாம்."

கங்காணி மகளை முறைத்தார். "குடிகாரப் பயலுக்கு எப்படிடி ஒன்னக் குடுக்கிறது?"

"சரிங்கப்பா. நீங்க குடிக்கிறதில்லன்னு மெசின்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பேசாம வந்துர்றேன்."

கங்காணி சம்பள நாளில் மட்டும் ஆற்றோரம் காற்று வாங்கப் போகிறவர் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். தன் கம்பளியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வரை பின்வாங்கினார். "சாமியச் சும்மா சும்மா தொந்தரவு பண்ணக்கூடாது" என்றார். "நல்ல நாள் பாருங்க."

சித்திரையில் கல்யாணம் நடந்தது. வைகாசியில் டக்ளஸ் ஐயா திரும்பி வந்தார். கதையைக் கேட்டு, கண்ணில் தண்ணீர் வர வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, கம்பளி விஷயத்தை எங்களுக்கு விளக்கினார். எல்லாரும் சிரித்தோம். கந்தப்பன் மட்டும் சிரிக்கவில்லை. ஆணியிலிருந்த கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு லயத்துக்கு ஓடினான். பூரணி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வாசற்படியிலேயே நின்றான்.

"அப்ப அது சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கம்பளிக்குத்தான் ஆடியிருக்கு. அன்னைக்கு நீ வேண்டாம்னு சொன்னியே, அது நெசமா, பொய்யா?"

பூரணி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"கம்பளியக் கழட்டி வச்சிட்டுக் கிட்ட வந்து கேளுங்க, சொல்றேன்."

அவன் கழற்றிய வேகத்தில் கம்பளி இரண்டாகக் கிழிந்தது.