அணைந்த சிவப்பு விளக்கு

இன்று ஒகேனக்கல் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் மாதேஷ் அண்ணன். எண்பதுகளில் எங்கள் அம்பாசிடருக்கு அவர்தான் மெக்கானிக்.

அவர் எஞ்சின் டைமிங்கை மாற்றி வைத்த அன்றே, மேடு ஏறும்போது எஞ்சின் டொக்டொக்கென்று தட்டியது. டேஷ்போர்டில், ஆயில் குறைந்தால் எரியும் விளக்கும் சிவப்பாக எரிந்தது. திரும்பக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்தார், டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டார். விளக்கு அணைந்தது.

"சத்தம் பெட்ரோலாலதாங்க தம்பி" என்றார். நம்பினேன்.

தொப்பூர் கணவாயில் எஞ்சின் ஜாம் ஆகி நின்றது. உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றார் அப்பா. அதையும் நம்பினேன். அன்றிலிருந்து பஸ்தான்.

இன்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "லைட்டு எரியுதுன்னு ரொம்ப பயந்தீங்க தம்பி. அதான் பல்பக் கழட்டிட்டேன்."

பென்னாகரத்தில் இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு டிரைவருக்குப் பின்சீட். டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கும் எரியவில்லை. உட்காரவா, இறங்கிவிடவா? சொல்லுங்கள்.