பட்டாள ஊரில் ஏற்றிய மெழுகுவர்த்தி

ஜெர்மனியில் என் மகள் குடியிருப்பது ஒரு சின்னப் பட்டாள ஊர். சிப்பாய்கள் தங்கிய பழைய கட்டடங்களை இப்போது வீடுகளாக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்று அவளுடையது. போன வருடம் நான் போயிருந்தபோது, கோட்டை வாசலையும் ஆற்றுப் பாலத்தையும் காட்டிவிட்டு சர்ச்சுக்குக் கூட்டிப்போனாள். போரிலிருந்து திரும்பாத ஊர்க்காரர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருந்தார்கள். எண்பதைத் தாண்டிய ஒருவர் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அப்பாவுக்காம். அப்பா முகத்தையே அவர் பார்த்ததில்லையாம்.

என் அண்ணனும் ராணுவத்தில் இருந்து எல்லையில் இறந்தவர்தான். மகள் அதைச் சொன்னதும், அந்தப் பெரியவர் இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்து என் கையில் கொடுத்தார். ஏற்றிவிட்டு, வில்லாபுரத்தில் இருக்கும் அண்ணன் மனைவி, என் மதினிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“அம்புட்டு தூரத்துலயா ஏத்துன?” என்றார். பிறகு, “அந்தப் பெரியவரோட அம்மா மறுபடி கல்யாணம் கட்டுச்சான்னு கேளு” என்றார்.

மகள் கேட்டுச் சொன்னாள்.

“கட்டலையாம் மதினி. திரும்பி வந்துருவாருன்னு கடைசி வரைக்கும் காத்துக்கிட்டே இருந்தாங்களாம்.”

“பாவம்” என்றார் மதினி. “எனக்காச்சும் ஒடம்பு வந்து சேந்துச்சு.”