கொண்டை ஊசி இல்ல, ஊக்கு இல்ல

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சும்மா தொட மாட்டார்கள். அம்மா என்னைத் தொட்டால் ஒன்று தலை வார, இல்லை அடிக்க. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சிக்கு விழுந்த இடத்தில் சீப்பை மாட்டி வெடுக்கென்று இழுப்பாள். நான் முகம் சுளித்தால் சீப்பின் முதுகால் மண்டையில் ஒரு தட்டு. அவளைக் குறை சொல்லவில்லை. விடிவதற்குள் சோறு பொங்கித் தூக்குச்சட்டியில் அடைத்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓட வேண்டியவளுக்கு, மகள் தலையை மெல்லக் கோதிவிட எங்கே நேரம்?

ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடமும் ஆபீஸ்தான், பட்டாசு செய்கிற இடமும் ஆபீஸ்தான். ப்ளஸ் டூ கணக்கில் கோட்டை விட்ட வருடம் நானும் ஒரு பட்டாசு ஆபீசில் சேர்ந்தேன். தாயில்பட்டியைத் தாண்டி, கருவேலங்காட்டுக்கு நடுவில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். எனக்குப் பேப்பர் ஒட்டுகிற வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் கைக்கும் வாய்க்குமாக இருந்த குடும்பங்களுக்கெல்லாம் அதுதான் கதி.

இரும்பு எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது முதல் சட்டம். ஓர் உரசல் போதும், வெடிமருந்து தீப்பிடித்துக்கொள்ளும். அதனால் ஆண்களுக்கு ஒரு செக்கிங், பெண்களுக்கு ஒரு செக்கிங். பெண்களைச் சோதிக்க வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் தென்னங்கீற்றுத் தடுப்புக்குள் ஓர் அக்கா இருந்தார். எல்லாருக்கும் அவர் செக்கிங் அக்கா. அதற்கு முன்னால் சாத்தூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். சத்தமாகப் பேசத் தெரியாத ஆள். பச்சைப்பிள்ளைகள் தூங்குகிற இடத்தில் பேசிப் பழகிய குரல் அப்படியே தங்கிவிட்டது போல.

ஒவ்வொருத்தராக அவர் முன்னால் போய்த் தலை குனிந்து நிற்க வேண்டும். முதலில் இரண்டு கட்டைவிரலும் காதுக்குப் பின்னால் வரும். அங்கிருந்து மற்ற விரல்கள் முடிக்குள் நுழைந்து, உச்சி வரை போய், பின்னலைப் பிடித்து ஒவ்வொரு முடிச்சாக அழுத்திக்கொண்டே கீழே வரும். வாய் தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருக்கும். "கொண்டை ஊசி இல்ல. ஊக்கு இல்ல. கொலுசு இல்ல. மெட்டிக்குத் துணி சுத்திருக்கு. சரி தாயி, பதனமாப் போ." எல்லாருக்கும் அதே வார்த்தைகள். அதே மெதுவான குரல். சேலை முந்தானையை அவர் விரலால் நீவும்போது பருத்தித்துணி சரசரக்கும், அதுகூடக் காதுக்கு இதமாக இருக்கும்.

முதல் நாளே எனக்கு அது வந்துவிட்டது. பிடரியில் ஒரு புள்ளியில் ஆரம்பித்தது. சிற்றெறும்பு வரிசை கிளம்பின மாதிரி உச்சந்தலைக்கு ஏறி, பிறகு முதுகுத்தண்டு வழியாக இறங்கி இடுப்பில் வந்து கரைந்தது. கூச்சம் இல்லை, குளிரும் இல்லை. கண் தானாகச் சொக்கியது. "சரி தாயி" என்று அக்கா தோளைத் தட்டிய பிறகும் அசையாமல் நின்றேன். பின்னால் நின்றவள் இடுப்பில் இடித்து, "ஏ புள்ள, நின்னுக்கிட்டே தூங்குதியா?" என்றாள்.

இதைப் படிக்கிற சிலர் இப்போதே கண்ணைச் சுருக்குவார்கள். சுருக்கட்டும். ஒரு மனுஷியின் தலையை இன்னொரு மனுஷி பொறுமையாக, வலிக்காமல், வேறு நினைப்பில்லாமல் பார்க்கிறாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவு எனக்குப் பதினெட்டு வயது வரை கிடைக்கவில்லை.

எங்கள் தெரு மதினி ஒருத்தியும் அங்கேதான் வேலை பார்த்தாள். மருந்து அடைக்கிற அறை. காலையில் வரிசையில் எனக்கு முன்னால் நிற்பாள். ஒருநாள் வெட்கத்தை விட்டு அவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளோ, "ஒனக்கு மட்டுந்தான்னு நெனச்சியாக்கும்? அக்கா கை பட்டா அரைத்தூக்கம் தூங்குன மாதிரி இருக்கும்ல. எங்க வீட்டுக்காரரு ஒரு நாளாவது இப்படித் தலையில கை வச்சிருப்பாரா?" என்றாள். பிறகு கவனித்தபோதுதான் தெரிந்தது. வேனிலிருந்து இறங்கும்போதே சண்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள்கூட அக்கா கைக்குள் வந்ததும் வாயை மூடிவிடுவார்கள். நாள் முழுக்க மருந்தும் பசையுமாகக் கிடக்கப்போகிற உடம்புகளுக்குக் கிடைத்த ஒரே சலுகை அது. கம்பெனி தெரியாமல் கொடுத்த சலுகை. தெரிந்திருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பார்கள்.

தீபாவளி சீசன் நெருங்கியது. வடக்கேயிருந்து ஆர்டர் குவிந்தது. லாரிகள் ராத்திரியே வந்து வெளியே காத்துக் கிடந்தன. போர்மேன் காலையில் வரிசையைப் பார்த்தாலே பல்லைக் கடிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, அங்கன என்ன தடவிக்கிட்டு இருக்கீக? லோடு நிக்கிது. சட்டுபுட்டுன்னு அனுப்புங்க."

"பாத்துத்தானே அனுப்பணும்" என்பார் அக்கா, விரலை நிறுத்தாமல்.

ஒருநாள் காலை போர்மேனுக்குப் பொறுக்கவில்லை. லாரி வந்து போகிற பெரிய கேட்டை விரியத் திறந்துவிட்டு, வரிசையின் பின்பாதியைப் பார்த்து, "இப்படி வாங்க, இப்படி வாங்க. ஓடுங்க" என்று ஆட்டை விரட்டுவதுபோலக் கையை வீசினார். கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. மதினி திரும்பி என்னைப் பார்த்து, "வா புள்ள, ஒரு கட்டு கூட அடைச்சா அதுக்கும் கூலி உண்டுல்ல" என்றாள். போய்விட்டாள். நான் போகவில்லை. சட்டத்துக்குப் பயந்தெல்லாம் இல்லை. அக்கா கையை விட எனக்கு மனசில்லை.

அன்றைக்குத்தான் அக்கா சத்தம் போட்டுக் கேட்டேன். கீற்றுத் தடுப்பை விட்டு வெளியே ஓடி வந்து, "ஏ நில்லுங்க! பாக்காமப் போகாதீக!" என்று கத்தினார். குரல் உடைந்து கீச்சிட்டது. ஒருத்தரும் திரும்பவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வெடித்தது. மதினி இருந்த அறை. நாங்கள் கருவேலங்காட்டுக்குள் ஓடி முள்ளில் விழுந்து கிடந்தோம். எங்கள் அறை தூரத்தில் இருந்ததால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மதினியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைக்கவில்லை.

அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து ஓடி வந்தாள். எந்த அறை என்று தெரியாமல் வழியெல்லாம் இருக்கன்குடி மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டு, அதற்கப்புறம்தான் அழுதாள். என் முடியை என்னைக் கேட்காமலே அம்மனுக்கு நேர்ந்திருந்தாள்.

எதனால் பிடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் நாள் கலந்த மருந்து மிச்சம் இருந்ததாகவும், ராத்தங்கினால் தானே பிடித்துக்கொள்ளும் அதைக் கொட்டி அழிக்காமல் காலையில் அதையே அடைக்கச் சொன்னதாகவும் அந்தப் பக்கத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். கம்பெனி கொண்டை ஊசி என்றது. இடிபாட்டுக்குள் கருகிய கம்பித்துண்டு ஒன்று கிடைத்ததாம். இரும்பு என்று ஒன்று கிடைத்துவிட்டால் அது யார் தலையிலிருந்து விழுந்தது என்று கேட்கலாம். தலையைப் பார்க்க வேண்டியவர் யார் என்றும் கேட்கலாம்.

விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மேனேஜர் அறையில் எங்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார்கள். போர்மேன் பெரிய கேட்டைத் திறந்துவிட்டதை நான் சொன்னேன். பயமில்லாமல் சொன்னேன். மேனேஜர் முகம் சுருங்கியது எனக்குத் திருப்தியாக இருந்தது.

"எல்லாரும் அந்த வழியாப் போகும்போது நீ மட்டும் ஏம்மா போகலை?" என்றார் பெரியவர்.

அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது என்று பட்டது.

"அக்கா பாக்காம உள்ள போக மனசு வராதுங்க ஐயா. அவுக ஒவ்வொரு தலையா நிதானமாப் பாப்பாக. காதுக்குப் பின்னாடி, பிடரியில, பின்னல்ல, ஒரு எடம் விட மாட்டாக. மெதுவாப் பேசிக்கிட்டே பாப்பாக. எங்களுக்குக் கண்ணே சொக்கிரும். அம்புட்டு நல்லாப் பாப்பாக."

"கண்ணு சொக்கிருமா?"

"ஆமாங்க ஐயா."

"ஒனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான்."

மேனேஜர் சிரித்தார். சுருங்கிய முகம் மலர்ந்துவிட்டது. பெரியவர் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரிடம் சொல்லத் தொடங்கினார். சோதனை செய்ய வேண்டியவர் தொழிலாளர்களின் தலையைத் தடவிக்கொடுத்துக் காலதாமதம் செய்துவந்துள்ளார். தொழிலாளர்கள் தூக்கக் கலக்கத்துடன் பணிக்குச் சென்றுள்ளனர். இதனால் ஏற்பட்ட நெரிசலைத் தவிர்க்கவே மாற்று வழி திறக்கப்பட்டுள்ளது.

"நான் அப்படிச் சொல்லலையே ஐயா."

"நீ சொன்னதைத்தாம்மா நல்ல தமிழ்ல சொல்றேன்."

அந்த வாரமே அக்காவை நிறுத்திவிட்டார்கள். போர்மேன் அடுத்த சீசனில் வேறோர் ஆபீசில் அதே வேலையில் இருந்தார். பொய் சொல்லியிருந்தால்கூடச் சரி, தண்டனை என்று ஆறுதல் பட்டிருப்பேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சுகத்தை நான் உள்ளபடி சொன்னேன். அதை எடுத்து அக்கா தலையிலேயே போட்டார்கள்.

இருக்கன்குடியில் மொட்டை போட்டார்கள். ஈரத்தலையில் கத்தி சரசரவென்று இழுக்கிற சத்தம் காதுக்கு அத்தனை பக்கத்தில் கேட்டது. வேறு சமயமாக இருந்தால் கண் சொக்கியிருக்கும். அன்றைக்குத் தலை வெறும் கட்டையாக இருந்தது. கேட்டிலும் ஆளை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவளிடம் கறுப்பாக ஒரு தடி. உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுவாள். இரும்பு இருந்தால் தடி கத்தும். யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. வரிசை மளமளவென்று நகர்ந்தது. போர்மேன் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஊரான எம். புதுப்பட்டிக்குப் போனேன். அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து வெடிக்குப் பேப்பர்க் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பசைக்கையைத் துணியில் துடைத்தார்.

"வா தாயி. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா."

"அங்க நீ என்ன சொன்ன?"

"நல்லதுதான்க்கா சொன்னேன்."

"அதான் கேக்கேன். என்ன நல்லது?"

சொன்னேன். காதுக்குப் பின்னால் விரல் வருவதை, எறும்பு வரிசையை, மதினி சொன்ன அரைத்தூக்கத்தை, எல்லாவற்றையும் முதல்முறையாக ஒருத்தரிடம் முழுசாகச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"ஆஸ்பத்திரியிலயும் சரி, இங்கனயும் சரி, என் வேலையப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை நல்லாச் சொன்னதில்ல" என்றார் அக்கா. "சொன்ன ஒரு வார்த்தையும் இப்படி ஆயிப்போச்சு."

அப்புறம் என்னைப் பக்கத்தில் இழுத்து மொட்டைத் தலையில் கை வைத்தார். பழக்கம் விடவில்லை. கட்டைவிரல்கள் காதுக்குப் பின்னால் போயின. தேட ஒன்றுமில்லாத தலையில் விரல்கள் தேடிக்கொண்டே போயின. எனக்கு ஒன்றும் வரவில்லை.

"நீ அவ பின்னாடிதானே நின்ன?" என்றார் அக்கா.

மதினியைப் பற்றிக் கேட்கிறார்.

"ஆமாக்கா."

"அன்னைக்கு அவ தலைய நான் தொடலை தாயி. அவனுக ஊசிங்கானுக. எனக்கு எப்படித் தெரியும்? நான் பாக்கலையே. படுத்தா அவ கொண்டைதான் கண்ணுக்குள்ள நிக்கிது. ஊசி இருந்துச்சா, இல்லையா? நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. தினமும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற நாள்களில் ஒருநாள்கூட அவள் கொண்டையை நான் பார்த்ததில்லை. என் முறை எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லக்கா. ஊசி இல்ல."

அக்காவின் விரல்கள் நின்றன.

"இன்னொருக்காச் சொல்லு."

அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். அவர் குரலிலேயே, அவர் சொல்கிற மாதிரியே, மெதுவாகச் சொன்னேன்.

"கொண்டை ஊசி இல்ல. ஊக்கு இல்ல. கொலுசு இல்ல. மெட்டிக்குத் துணி சுத்திருந்துச்சு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பசை காய்ந்த அந்த முன்கையில் ரோமம் ஒவ்வொன்றாகச் சிலிர்த்து எழுந்ததைப் பார்த்தேன். நான் மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.